ராத்தாவின் ஆட்டுக் கணக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாராவது புதிதாக ஒரு சாமான் வாங்கி வந்தால், "ஆட்டுல எவ்வளவு?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். பிளாஸ்டிக் கதிரை என்றால் ஆட்டின் ஒரு காது. நல்ல கம்பளி என்றால் ஒரு முன்னங்கால். கைத்தொலைபேசி வாங்கினால் இரண்டு தொடையும் போய், சில வேளை முதுகும் சேர்ந்து போகும். இந்தக் கணக்கை எங்களுக்குப் பழக்கிவிட்டவர் ராத்தா. சந்திக் கடை நானாவின் மனைவி. மூத்த சகோதரனை முஸ்லிம்கள் நானா என்பார்கள், மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள். எங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் முதல் பெரிய கங்காணி வரை எல்லோருக்கும் அவர் ராத்தாதான். சொந்தப் பெயரை யாரும் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

பொகவந்தலாவையிலிருந்து மேலே ஏறும் பாதையில் பஸ் திரும்புகிற இடத்தில் அந்தக் கடை இருந்தது. பின்பக்கம் அவர்கள் வீடு. வீட்டுக் கொல்லைக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவில் ஒரு கழிவுநீர்க் கான் மட்டும் ஓடும். அந்தப் பக்கத்தில் வேறு முஸ்லிம் வீடே கிடையாது. ராத்தா மாவனல்லைப் பக்கமிருந்து கலியாணம் முடித்து வந்தவர். 'சொல்லு' என்பதைச் 'செல்லு' என்பார், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். வந்த புதிதில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகளும் 'பசிக்கிது ஈக்கி' என்று ஏதேதோ உளறத் தொடங்கியபோது நான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ராத்தாவுக்கு ஏன் இந்த ஆட்டுப் பைத்தியம் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் வீடுதான் காரணம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர்கள் குர்பான் கொடுப்பார்கள். ஆடோ மாடோ அறுத்து, வீட்டுக்கு ஒரு பங்கு, சொந்தக்காரருக்கும் அயலவருக்கும் ஒரு பங்கு, இல்லாதவர்களுக்கு ஒரு பங்கு. மாடென்றால் ஏழு பேர் கூட்டுச் சேரலாம். ஆடு ஒருத்தர் கணக்கில் மட்டும்தான். ஆகவே பொகவந்தலாவைப் பஜார் பள்ளிவாசலில் மாட்டுக்குக் காசு கட்டி ஒரு பங்கு எடுப்பது கையைக் கடிக்காத வழி. நானா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வந்த பங்கைப் பஜாரிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டு வருவார்.

ராத்தா வந்த முதல் வருஷம், அயல் என்றால் லயம்தானே என்று, வந்த இறைச்சியைப் பைகளில் போட்டு வீடு வீடாகத் தாமே கொண்டுவந்தார். எங்கள் லயத்தில் மாடு சாப்பிட மாட்டோம். ஆனாலும் புதுப்பெண் பெருநாள் உடுப்போடு வாசலில் வந்து நீட்டும்போது வேண்டாமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டோம். என் மாமியார் பையைக் கொல்லையில் மறைத்து வைத்தார், பிறகு புதைத்துவிடலாம் என்று. லயத்து நாய்க்கு அவ்வளவு பொறுமை இல்லை. பையைக் கவ்விக்கொண்டு கானைத் தாண்டி நேராக ராத்தாவின் கொல்லைக்கே போய்விட்டது.

விளக்குமாற்றுடன் நின்ற ராத்தா பையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அம்மா, நீங்க மாடு தின்ன மாட்டீங்களா?"

"இல்லம்மா. சாமி கும்புடுற வீடு" என்றார் மாமியார், தலையைத் தூக்காமல்.

"அப்ப ஏன் செல்லல்ல?"

"நீங்க ஆசையா கொண்டாந்தீங்களே. மொகம் வாடிருமேன்னுதான்."

ராத்தா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். "எண்ட பிழைம்மா. தின்ன ஏலாதத குடுத்துட்டு, குடுத்தேன்னு செல்லிக்கிட்டு திரியிறதா? கேட்டிருக்கணும் நான்."

அடுத்த வருஷத்திலிருந்து ஆடு. நானா தலையில் கை வைத்துக்கொண்டார். மாட்டில் ஒரு பங்குக்குக் கட்டும் காசு எங்கே, ஒரு முழு ஆட்டின் விலை எங்கே? அதுவும் சந்திக் கடை ஒன்றும் நகைக் கடை இல்லை. அரிசி, பருப்பு, கருவாடு, சவர்க்காரம், வெற்றிலை. பாதிப் பேர் சம்பளத்துக்குத் தருகிறோம் என்று வாங்கிப் போவார்கள். நானாவும் கேட்கத் தெரியாத மனிதர்.

அதனால் வீட்டுச் செலவு ராத்தாவின் கைக்கு வந்தது. ஒரு பெருநாள் முடிந்த மறுநாளே அடுத்த ஆட்டுக்கு ஒதுக்கத் தொடங்குவார். முதலில் ஆடு, அதற்குப் பிறகு மற்றது. நானா கடைக்கு மின்விளக்குப் போட்ட பெயர்ப் பலகை வைக்க ஆசைப்பட்டார். "இந்தச் சந்தியில ஒங்கட கட மட்டுந்தான் ஈக்கி. லைட்டு போட்டு யாருக்குக் காட்டப் போறீங்க? ஒரு தொடை அப்படியே போகும்" என்றார் ராத்தா. பலகை வரவில்லை. மகன் பஜாரில் எல்லாப் பையன்களும் காலில் போடும் சப்பாத்தைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். மூன்றாம் நாள் "காதும் கொம்பும்தானே, போகட்டும்" என்று வாங்கிக் கொடுத்துவிட்டார். படிப்பும் மருந்தும் இந்தக் கணக்கில் வராது. மகளின் வகுப்புக் காசை ஒரு நாளும் பிந்திக் கட்டியதில்லை. குறைத்ததெல்லாம் தம்முடைய பங்கில்தான். ஒரே மண்நிறச் சால்வையில் எத்தனையோ பெருநாள்களுக்கு அவரைப் பார்த்திருக்கிறேன்.

"நான் மொதலாளின்னு பேருதான். இந்த வீட்டுல யாவாரம் பண்றது ஆடு" என்பார் நானா. குறைபோலச் சொன்னாலும் பெருநாளன்று அவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லயத்து வாசலில் ராத்தாவுக்குப் பின்னால் பாத்திரங்களைத் தூக்கி வருவார்.

கொடுக்கும் விதத்திலும் ராத்தாவுக்குப் பிடிவாதம் உண்டு. பெருநாள் நேரத்தில் ஹட்டன் டவுனில் கடைகளின் முன்னால் ஆட்கள் வரிசையில் நின்று பங்கு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ராத்தா யாரையும் வாசலுக்கு வரச் சொல்ல மாட்டார். அவரே போவார். கணக்கப்பிள்ளை வீடானாலும் புருஷனில்லாத கிழவி வீடானாலும் ஒரே அளவு. ஈரல் இந்த வீட்டுக்கு, எலும்பு அந்த வீட்டுக்கு என்ற பேச்சில்லை. "எங்கட பெருநாள்ல ஒங்களுக்குப் பங்கு ஈக்கி, பிடிங்க" என்பார். வாங்குகிறவர்தான் ராத்தாவின் கடமைக்கு ஒத்தாசை செய்வது போல இருக்கும். நாங்களும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம். கொஞ்சம் போஞ்சிக்காய், இரண்டு லீக்ஸ், இல்லாவிட்டால் ஒரு பிடி தேயிலைத் தூள் போட்டுக் கொடுப்போம்.

இன்னொன்று. குர்பான் கொடுக்க நினைக்கிறவர்கள் அந்த மாதப் பிறை கண்டதிலிருந்து அறுத்து முடியும் வரை நகம் வெட்டுவதில்லை. மற்ற நாட்களில் ராத்தா வெள்ளிக்கிழமை தவறாமல் நகத்தை ஒட்ட வெட்டுகிறவர். ஆகவே அவர் கையைப் பார்த்தாலே ஆடு வருமா வராதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். லயத்துப் பெண்கள் வெற்றிலை வாங்கப் போகிற சாக்கில் நகம் பார்த்துவிட்டு வருவார்கள்.

பிறகு அந்தக் கெட்ட வருஷம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, நாளெல்லாம் கரண்ட் இல்லை. தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது. லயத்தில் இரண்டு வேளை ரொட்டி, ஒரு வேளை வெறும் தேத்தண்ணி. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைத் தூக்கும்போது பாரம் குறைந்திருப்பது என் இடுப்புக்கே தெரிந்தது. நானாவின் கடையில் தட்டுகள் காலியாகின. பால்மாப் பெட்டி முன்பெல்லாம் ஆட்டின் வால் அளவு இருந்தது. இப்போது கால் அளவுக்கு வந்துவிட்டது என்று ராத்தாவே சொன்னார்.

"இந்த வருஷம் ஆடு இல்ல" என்றார் நானா என்னிடம். "இல்லாதவனுக்கு இது கட்டாயமில்ல. பள்ளியில கேட்டுட்டுத்தான் சொல்றேன். அவளும் சரின்னுட்டா."

நான் ராத்தாவின் கையைப் பார்த்தேன். நகம் வளர்ந்திருந்தது.

"ராத்தா, கைய காட்டுங்க."

"வேல ஈக்கி, போ" என்று கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து பஜார் மீன்காரர் ஒரு லொறியில் வந்து ராத்தாவின் ஃபிரிட்ஜைத் தூக்கிப் போனார். அந்த வீட்டில் பெருமைப்பட ஒரு சாமான் இருந்தது என்றால் அதுதான். நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"கரண்ட் இல்லாத ஊருல ஃபிரிட்ஜ் என்னத்துக்கு புள்ள? உடுப்பு வைக்கிற அலமாரியாத்தானே நிக்கிது" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்கட காம்பராப் புள்ளைங்க இறைச்சி தின்னு எவ்வளவு நாள் ஈக்கும்? வேற வருஷம் இல்லாட்டியும் பரவால்ல. இந்த வருஷம் இல்லன்னா நான் இத்தன வருஷம் குடுத்ததுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

அந்தக் காசைக் கொண்டுபோய் நானா தோட்டத்தின் மேல் டிவிசனில் வேலை செய்யும் சன்னாசி என்பவனிடம் ஒரு கெடா வாங்கி வந்தார். வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் நான் ஒரு கட்டுப் புல்லோடு போனேன். நல்ல கறுப்புக் கெடா, காதோரம் மயிர் அடர்ந்திருந்தது. தடவிக் கொடுத்தேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மயிரை விலக்கிப் பார்த்தேன். காதின் ஓரம் முக்கோணமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது.

எங்கள் பக்கம் முனியாண்டிக்கு ஒரு கெடாவை நேர்ந்துவிட்டால் அப்படித்தான் காதில் அடையாளம் வைப்போம். அந்தக் கெடா சாமியுடையது. அதை விற்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். நானாவுக்கு அது எங்கே தெரியும்? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. லயத்துப் பிள்ளைகளும் சாப்பிடும். ஆனால் ராத்தா அப்போது தண்ணீர் வாளியோடு வந்து, பிள்ளையைப் பார்ப்பது போல அந்தக் கெடாவைப் பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் மறைக்க எனக்கு முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

ராத்தா வாளியைக் கீழே வைத்தார். கெடாவின் காதைப் பிடித்து, அந்த வெட்டில் விரலை வைத்துப் பார்த்தார்.

"காது முழுசா இல்லாதது எங்களுக்கும் சரிவராது" என்றார். பிறகு, "அத விடு. இது இன்னொருத்தர் வாக்குக் குடுத்த உசிரு. அத எண்ட கணக்குல எப்படி அறுக்கிறது? வா, போயிட்டு வருவோம்" என்றார்.

கெடாவை இழுத்துக்கொண்டு மேல் டிவிசனுக்கு ஏறினோம். எங்களைக் கண்டதும் சன்னாசியின் மனைவி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். சன்னாசி இரண்டு கையையும் கூப்பினான்.

"தப்புதாங்க ராத்தா. பயலுக்கு நெஞ்சுச் சளி. வேலையும் இல்ல. முனியாண்டி பொறுத்துக்குவாருன்னு நெனச்சு வித்துப்புட்டேன். காசு..." அவன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தான். "மருந்தும் அரிசியுமா போயிருச்சுங்க."

ராத்தா உள்ளே அடுப்பை எட்டிப் பார்த்தார். பிறகு கயிற்றை அவன் கையில் கொடுத்தார். "சாமிக்குச் செல்லினத சாமிக்கே செய்ங்க. மகன் இப்ப எப்படி ஈக்கான்?"

"பரவால்லங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவ்வளவுதான். திரும்பி இறங்கத் தொடங்கிவிட்டார்.

எனக்குக் கோபம் பொங்கியது. "கொஞ்சமாச்சும் கேட்டிருக்கலாமே ராத்தா. ஃபிரிட்ஜும் போச்சு, ஆடும் போச்சு!"

"அவங்கட அடுப்பப் பாத்தியா நீ? எங்கீந்து தருவாங்க? நான் குடுக்கத்தானே வித்தேன். இறைச்சியா போகாம அரிசியா போயிருக்கி" என்றார். ஆனால் தேயிலைக்குள் பாதை திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார். "ஆனா ஒங்கட புள்ளைங்களுக்கு நான் இப்ப என்னத்தக் குடுப்பேன்?" என்று சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பெருநாளுக்கு முந்திய நாள். அன்றைக்கு அவர்கள் நோன்பு பிடிப்பார்கள். வேலை முடிந்து நான் அந்தப் பக்கம் வரும்போது நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. கடைக்கு முன்னால் வராமல் கொல்லைப் பக்கமாகச் சன்னாசி நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு செம்மறை நிற ஆடு, சிவப்பில் வெள்ளைத் திட்டு. பெட்டை.

"இதுதாங்க ராத்தா வீட்டுல இருக்கு" என்றான் நிலத்தைப் பார்த்தபடி. "சாமிக்கு ஆகாத உருப்படி, பொட்டை. குட்டி போடுறதும் நின்னுருச்சு. கெடா வெலைக்கு வராது. பெருநாளுக்கு ஆகாதுன்னு தெரியும். யாருக்காச்சும் வித்து, வந்தத எடுத்துக்கங்க."

எனக்கும் அவன் சொன்னது சரியென்றே பட்டது. நேர்த்திக்கடனுக்குப் பெட்டை ஆட்டைக் கொண்டுபோனால் பூசாரி அடிக்க வருவார். ராத்தாவோ ஆட்டுக்குக் கிட்டே போனார். பெண் பார்க்க வந்த மாமியாரைப் போல, இரண்டு காதையும் விரித்துப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். சன்னாசியை அங்கும் இங்கும் நடத்திக் காட்டச் சொன்னார்.

"நானா!" என்று கத்தினார். புருஷனை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நாங்கள் கூப்பிடுவது அந்த அவசரத்தில் அவர் வாயிலும் வந்துவிட்டது. "இங்க வாங்க. ஆடு வந்தீக்கி!"

"பொட்டைங்க ராத்தா" என்றான் சன்னாசி மறுபடியும், அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து.

"எங்களுக்குப் பொட்டையும் ஒண்டுதான், கெடாவும் ஒண்டுதான். காது முழுசா ஈக்கணும், நொண்டக் கூடாது, மெலிஞ்சு கெடக்கக் கூடாது. இது நல்லா ஈக்கி!" பிறகு சட்டென்று நிறுத்தினார். "வீட்டுல அவங்க சம்மதமா?"

"அவதாங்க அவுத்து விட்டா. தாயி செத்த குட்டி, புட்டிப்பால் குடுத்து அவ வளத்தது. இன்னொருத்தர் காச வச்சிக்கிட்டு சோறு எறங்குதில்லன்னு சொல்லிட்டா."

ராத்தா ஆட்டின் முதுகில் கையை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்து அறுத்தார்கள். ராத்தா வீடு வீடாக வந்தார். அந்த வருஷம் பங்கு சிறியது. பக்கத்து லயத்தையும் சேர்த்துக்கொண்டிருந்தார். "வச்சுத் தின்ன ஃபிரிட்ஜ் இல்ல, அதனால எல்லாருக்கும் வருது" என்று சிரித்தார். எங்கள் லயத்தில் எல்லா அடுப்பிலிருந்தும் மசாலா வாசம் வந்ததை நான் மறக்க மாட்டேன். வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தேன். இந்த மனுஷி எங்கள் கானுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கடைசியாக என்னைக் கூப்பிட்டு ஒரு துணிப்பையைத் தந்தார். "மேல் டிவிசனுக்கு, சன்னாசி வீட்டுக்கு. நீ போனாத்தான் சரி." நீட்டிய கையில் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன.

பை பாரமாக இருந்தது. ஏறும்போதே உள்ளே அசைந்தது.

சன்னாசியின் மனைவி வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் கையில் பையைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். வேண்டாமென்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

அப்போது பைக்குள்ளிருந்து கோழி கொக்கரித்தது.

ராத்தாவின் கொல்லையில் முட்டையிட்டுக்கொண்டிருந்த சிவப்புக் கோழி. காலைக் கட்டி வைத்திருந்தார். நான் அவிழ்த்து விட்டதும் அது வாசலில் ஓடியது.

"கறியாக்கினாலும் சரி, முட்டைக்கு வச்சாலும் சரி, ஒங்க இஷ்டம்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அந்தக் கறிய திங்க மாட்டேன்னு அந்தம்மாவுக்கு எப்புடி தெரிஞ்சிச்சு?" என்று கேட்டாள்.

ராத்தா இப்போது மாவனல்லையில் மகளோடு இருக்கிறார். கடை வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அன்றைக்கு சன்னாசியின் மனைவி கேட்டதற்கு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெகு காலத்துக்கு முன் எங்கள் லயத்து நாய் ஒரு பையைக் கவ்விக்கொண்டு கானைத் தாண்டி ஓடிய கதையைச் சொன்னேன்.